சுட்டது ஜோயலா, நீங்களா?

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2013 ஜூனில். அதன் முடிவு குறித்து ரசிகர்களிடையே மூண்ட வழக்கு இன்றும் தீரவில்லை. விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிவைச் சொல்லாமல் இந்த வழக்கைப் பேச முடியாது. இனிமேல்தான் விளையாடப் போகிறேன் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது. கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை மனித உடலுக்குள் புகுந்து, ஆட்களைக் கடித்துக் குதறும் ஜாம்பிகளாக்கிவிடுகிறது. அமெரிக்கா நொறுங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. நோய் பரவிய முதல் இரவிலேயே மகளை ஒரு சிப்பாயின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஜோயல், பாஸ்டன் நகரில் கள்ளக்கடத்தல் செய்து பிழைக்கிறான். எல்லி என்ற பதினான்கு வயதுச் சிறுமியை 'ஃபயர்ஃபிளைஸ்' என்ற கிளர்ச்சிக் குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவன் தலையில் விழுகிறது. அவள் கடிபட்டவள், ஆனால் நோய் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஏறக்குறைய ஓராண்டு நாட்டைக் குறுக்காகக் கடந்து சால்ட் லேக் சிட்டி மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் ஜோயலுக்கு விஷயம் தெரிகிறது. மருந்து செய்ய வேண்டுமானால் அவள் மூளையில் வளர்ந்திருக்கும் பூஞ்சையை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்தால் அவள் பிழைக்க மாட்டாள். மயக்கத்தில் கிடக்கும் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எதிர்ப்பட்டவர்களையும் அறுவை மருத்துவரையும் கொன்றுவிட்டு ஜோயல் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். விழித்த பிறகு அவளிடம் பொய் சொல்கிறான்.

மனிதகுலத்தின் ஒரே நம்பிக்கையைத் தன் சொந்தத் துக்கத்துக்காக அழித்த சுயநலக்காரன் என்கிறது ரசிகர்களில் ஒரு கட்சி. சம்மதம் கேட்காமல் ஒரு குழந்தையை அறுக்கத் துணிந்தவர்கள்தான் குற்றவாளிகள் என்கிறது மறு கட்சி. இந்த இரண்டாம் கட்சியின் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். மருத்துவமனையில் கிடக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் மருத்துவர் 'முந்தைய நோயாளிகள்' என்று ஒரு வார்த்தை சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு, எல்லியைப் போன்ற பலரை ஏற்கெனவே அறுத்துப் பார்த்துத் தோற்றவர்கள் இவர்கள் என்று வாதாடினார்கள். (சாதாரணமாக நோய் தொற்றியவர்களையும் அந்த வார்த்தை குறிக்கலாம். பதிவு முழுவதையும் கேட்டால் அப்படித்தான் தோன்றுகிறது.) அறுவை அறை அழுக்கேறிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். இரண்டாம் பாகத்தில் அதே அறை துப்புரவாகக் காட்டப்பட்டபோது, சாட்சியத்தையே திருத்திவிட்டார்கள் என்று குரல் எழுப்பினார்கள். நிஜ உலகில் மனிதர்களைத் தாக்கும் பூஞ்சை நோய் எதற்கும் தடுப்பூசி இதுவரை புழக்கத்துக்கு வரவில்லை என்ற உண்மையையும் எடுத்து வைத்தார்கள். எதிர்க்கட்சியின் பதில் சுருக்கமானது. இவற்றில் எதையும் ஜோயல் யோசிக்கவில்லை. மருந்து நிச்சயம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அவன் அதையேதான் செய்திருப்பான். கேமை எழுதிய நீல் ட்ரக்மனும், மருந்து செய்திருக்க முடியும் என்பதே தங்கள் எண்ணம் என்று பின்னாளில் சொன்னார். அதற்குப் பிறகாவது வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. இரண்டு கட்சிகளுமே இதை ஒரு சினிமாவின் கிளைமாக்ஸ் போல வைத்துக்கொண்டு பேசுகின்றன. கதாபாத்திரத்துக்கு என்ன தெரியும், அவன் நோக்கம் என்ன, எதிரிகளின் தகுதி என்ன என்று கதைக்குள்ளேயே தடயம் தேடுகின்றன. ஆனால் அந்த மருத்துவமனைக்குள் நடந்து போனதும், குறி பார்த்ததும், விசையை அழுத்தியதும் விளையாடியவரின் கை. அதற்கு முன்பான பதினைந்து மணி நேரமும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை, பழக்கப்படுத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. ஜோயல் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கான முழு விடை வசனத்தில் கிடைக்காது. கேமின் விதிகளில் கிடைக்கும். ரசிகர்கள் விடாமல் வாதாடுவதும் ஜோயலுக்காக மட்டும் அல்ல, தங்களுக்காகவும்தான் என்பது என் துணிபு.

விதிகளைப் பார்ப்போம். இந்தக் கேமில் எதுவும் போதுமான அளவு கிடைக்காது. இழுப்பறைகளையும் அலமாரிகளையும் துழாவினால் நாலு தோட்டா, ஒரு துணித்துண்டு, பாதி பாட்டில் ஆல்கஹால் தேறும். ஆல்கஹாலும் துணியும் சேர்ந்தால் காயத்துக்குக் கட்டுப் போடலாம். அதே இரண்டையும் வைத்துத் தீக்குண்டும் செய்யலாம். பிழைக்கவா, கொல்லவா என்ற கேள்வியை எந்த வசனமும் இல்லாமல் பொருட்கணக்கிலேயே வைத்துவிட்டார்கள். உடைந்த பிளேடில் டேப்பைச் சுற்றிச் செய்யும் 'ஷிவ்' என்ற குத்துக்கத்தி சில தடவையிலேயே உடைந்துவிடும். அதைக் கொண்டு பூட்டிய கதவைத் திறந்தால் உள்ளே பொருள் கிடைக்கலாம். ஆனால் அடுத்த திருப்பத்தில் 'க்ளிக்கர்' வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. க்ளிக்கர் என்பது நோய் முற்றிய நிலை. பூஞ்சை முகத்தையே பிளந்து பூத்திருக்கும். அதற்குக் கண் கிடையாது, வௌவால் போல ஒலி எழுப்பித் தடம் பார்க்கும். பிடித்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. இத்தனைக்கும் நடுவே பையைத் திறந்து பொருள் செய்ய உட்கார்ந்தால் உலகம் நிற்பதில்லை. பல கேம்களில் மெனுவைத் திறந்ததும் எதிரிகள் உறைந்துவிடுவார்கள். இங்கே நீங்கள் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே க்ளிக்கரின் கிடுகிடுப்பு நெருங்கி வரும். நாலைந்து மணி நேரம் இப்படி ஆடினால் கஞ்சத்தனமும் சந்தேகமும் கையிலேயே ஊறிவிடுகின்றன. ஆளைப் பார்த்ததும் அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிப்பதற்கு முன், அவரிடம் எத்தனை தோட்டா இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஜோயல் இருபது ஆண்டுகளில் அடைந்த மனநிலை விளையாடுபவருக்கு ஒரு வார இறுதியில் வந்து சேர்கிறது.

இந்தக் கஞ்சத்தனத்துக்குள்தான் எல்லி நுழைகிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதால், தண்ணீர் குறுக்கிடும் இடங்களில் மிதக்கும் மரப்பலகை ஒன்றைத் தேடி இழுத்துவந்து, அதில் அவளை நிற்க வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உயரமான மேடை வந்தால் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அவள் மேலே போய் ஏணியைக் கீழே தள்ளுவாள். இதைப் புதிர் என்று சொல்வதே அதிகம். திரும்பத் திரும்ப ஒரே வேலை, சலிப்பாக இருக்கிறது என்று குறை சொன்னவர்கள் ஏராளம். விளையாட்டாக மட்டும் பார்த்தால் அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் சால்ட் லேக் சிட்டிக்கு வந்ததும், வழக்கம்போலத் தூக்கிவிடக் குனிந்து நிற்கிறோம், எல்லி வரவில்லை. குளிர்காலத்தில் தனக்கு நேர்ந்த கொடுமைகளுக்குப் பிறகு எங்கோ நினைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். பல தடவை செய்து சலித்த வேலை ஒருமுறை நடக்காமல் போகும்போது, அவளுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது என்பது வசனத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. சற்று நேரத்தில் ஏணியைப் பாதியிலேயே போட்டுவிட்டு எதையோ பார்க்க ஓடுகிறாள். பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தால், இடிந்த நகரத்துக்குள் மேய்ந்துகொண்டிருக்கும் ஒட்டகச்சிவிங்கிகள். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், கேம் அவசரப்படுத்தாது. பற்றாக்குறையையே விதியாக வைத்த கேம் தாராளமாகக் கொடுக்கும் ஒரே பொருள் அந்த நேரம்தான்.

இது தற்செயல் அல்ல. ட்ரக்மன் மாணவராக இருந்தபோதே, ஜாம்பி படங்களின் பிதாமகர் ஜார்ஜ் ரொமேரோ தேர்ந்தெடுப்பதற்காக ஒரு கேம் யோசனை எழுதினார். 2001-இல் ஜப்பானில் வந்த 'ஐகோ' கேமின் ஆட்டமுறையை ரொமேரோவின் 1968 ஆம் ஆண்டுப் படத்தின் உலகத்தில் வைப்பது என்பதே அதன் அடிப்படை. 'ஐகோ'வில் ஒரு சிறுவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கென்று பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். அந்த யோசனை அப்போது தேர்வாகவில்லை. பாசத்தை விரல் வழியாக உண்டாக்கலாம் என்ற பாடம் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. ரசிகர்கள் கேலி செய்யும் ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். நாம் பதுங்கிப் போகும்போது எல்லி எதிரியின் முன்னாலேயே குறுக்கே ஓடுவாள். எதிரியோ அவளைப் பார்க்காதது போல நிற்பான். நம்பகத்தன்மை அந்த இடத்தில் செத்துப்போகிறது. ஆனால் அவளால் நாம் மாட்டிக்கொள்ளும்படி விதி இருந்திருந்தால் மூன்றாம் தடவையே அவளை வெறுத்திருப்போம். நம்பகத்தன்மையா, அவள்மேல் உள்ள பிரியமா என்ற கேள்வியில் பிரியத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். கதை எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு இல்லை.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். வழியெல்லாம் தோட்டாவை எண்ணி எண்ணிச் சுட வைத்த கேம், கடைசிக் கட்டத்தில் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறது. முந்தைய அத்தியாயம் எதிலும் அது கிடைக்காது. கை தானாக வேகமெடுக்கிறது. அறுவை அறைக்குள் நுழைந்தால் மருத்துவர் ஒரு சிறு கத்தியை நீட்டிக்கொண்டு வழிமறிக்கிறார், பின்னால் இரண்டு செவிலியர்கள். நின்றுகொண்டே இருக்கலாம், எதுவும் நடக்காது. மருத்துவரைக் கொல்லாமல் கேம் நகராது. செவிலியர்களைக் கொல்வதும் விடுவதும் நம் விருப்பம். ரசிகர்கள் இந்தக் காட்சியைப் பேசும் விதத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். மற்ற இடங்களில் 'ஜோயல் போனான், ஜோயல் சொன்னான்' என்பவர்கள் இந்த அறைக்கு வந்ததும் 'நான் செவிலியர்களை விட்டுவிட்டேன்', 'நான் கொஞ்ச நேரம் சுடாமல் நின்றேன்' என்று பேசத் தொடங்குகிறார்கள். யோசிக்காமலே சுட்டுவிட்டேன் என்பவர்களும் உண்டு. கார்டிசெப்ஸ் பற்றிய ஒரு செய்தி இங்கே தானாக நினைவுக்கு வருகிறது. இந்தப் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த ஒன்று வெப்பமண்டலக் காடுகளில் எறும்புகளைப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தைக் கவ்வ வைத்துக் கொல்கிறது. பி.பி.சி.யின் 'பிளானட் எர்த்' தொடரில் அதைப் பார்த்ததுதான் கேமுக்குத் தூண்டுதல். பூஞ்சை எறும்பின் மூளையைப் பிடித்து ஆட்டுகிறது என்றே பலகாலம் கருதினார்கள். 2017-இல் வெளியான ஆய்வில், அது தசைகளைச் சுற்றி வலையாகப் படர்ந்திருந்ததும் மூளைக்குள் நுழையாமல் இருந்ததும் தெரியவந்தது. கேமும் நம்மிடம் அதையேதான் செய்திருக்கிறது. கருத்தை மாற்ற அது முயலவில்லை, கையைத்தான் பிடித்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேர்வே இல்லாத இடத்தில் பொறுப்பு எங்கிருந்து வரும்? சுடாவிட்டால் கேம் நகராது என்றால், சுட்டது கேமை எழுதியவர்தானே, நான் எப்படிப் பொறுப்பு? இந்தக் கேள்வியை எழுப்புபவர்கள் டெல்டேல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' கேமை எடுத்துக்காட்டுவார்கள். அங்கே லீ என்பவன் கிளமென்டைன் என்ற சிறுமியைக் காக்கிறான். ஜாம்பிகள் சூழ்ந்த நேரத்தில் யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று நொடிகளில் நாமே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் மற்ற ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் அதையே செய்தார்கள் என்ற கணக்கும் வரும். உண்மையான பொறுப்பு அங்கேதான் என்பது வாதம். ஆனால் அந்தக் கேமிலும் எதைத் தேர்ந்தாலும் லீ கடிபடுவான். பெரிய திருப்பங்கள் மாறுவதில்லை. அங்கே ரசிகர்கள் பேசுவது 'நான் சரியாகத் தேர்ந்தேனா' என்ற கேள்வி. சதவீதத்தைப் பார்த்ததும் பாதி ஆறிவிடும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' எழுப்புவது வேறு கேள்வி. மாற்றுவழி கொடுத்திருந்தால் மருத்துவரை விட்டுவிட்டு, எல்லியை மேசையிலேயே கிடத்திவிட்டுத் திரும்பியிருப்பீர்களா? நேர்மையாகப் பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் தயங்குவார்கள் என்றே நினைக்கிறேன். கட்டாயப்படுத்தியதாக ஒருவர் முறையிட வேண்டுமானால் அவர் மறுக்க முயன்றிருக்க வேண்டும். இங்கே கை முந்திக்கொண்டு போய்விட்ட பிறகுதான் கட்டாயம் என்ற நினைப்பே வருகிறது.

இன்னொரு மறுப்பு: அதற்கு முன்பே நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றாயிற்று, இந்த ஒரு மருத்துவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு வருத்தம்? கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் 2007-இல் 'பயோஷாக்' கேமை விமர்சித்தபோது, கதை ஒன்று சொல்ல ஆட்டவிதி வேறொன்று சொல்லும் முரணுக்கு ஒரு கலைச்சொல்லை உருவாக்கினார். அந்தச் சொல்லால் அதிகம் அடிவாங்கியது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனம்தான். அவர்களுடைய 'அன்சார்ட்டட்' கேம்களின் நாயகன் கலகலப்பான புதையல் வேட்டைக்காரன். ஆனால் ஆட்டத்தில் பிணக்குவியல். (2016-இல் வந்த நான்காம் பாகத்தில், ஆயிரம் எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் கோப்பைக்கு அந்தக் கலைச்சொல்லையே பெயராக வைத்துக் குறும்பு செய்தார்கள்.) ஜோயல் விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அவன் கலகலப்பானவன் அல்ல. கொல்லப் பழகிப்போனவன் என்பதே அவன் கதை. முன்பு கொன்றவர்கள் எல்லோரும் நம்மைக் கொல்ல வந்தவர்கள், மருத்துவரோ ஒரு சிறு கத்தியோடு நடுங்கி நிற்பவர். அவரையும் அதே சுலபத்தில் கொல்ல முடிகிறது என்பதுதான் கேம் காட்டும் சாட்சியம். முந்தைய நூறு கொலைகள் இந்த ஒரு கொலையை அற்பமாக்கவில்லை. அவைதான் இதற்குப் பயிற்சி.

எச்.பி.ஓ. 2023-இல் இதைத் தொடராக எடுத்தபோது இந்த வாதத்துக்கு ஒரு சோதனை கிடைத்தது. கதை ஏறக்குறைய அதே, எழுதியவர்களில் ட்ரக்மனும் ஒருவர். பெட்ரோ பாஸ்கலும் பெல்லா ராம்சியும் நன்றாகவே நடித்தார்கள். மருத்துவமனைக் காட்சியில் துப்பாக்கிச் சத்தம் அமுங்கி, சோகமான இசை மேலெழ, ஜோயல் உணர்ச்சியற்ற முகத்தோடு ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டே போகிறான். தூரத்திலிருந்து ஒரு மனிதன் கெட்டுப்போவதைப் பார்க்கிறோம். பரிதாபமும் அச்சமும் வருகின்றன. கேமில் அந்த இடத்தில் பரிதாபத்துக்கு நேரமில்லை. அடுத்த திருப்பத்தில் யார் நிற்கிறார்கள், தோட்டா எத்தனை மிச்சம் என்பதுதான் கவலை. தொடரைப் பார்த்தவர்களும் 'ஜோயல் செய்தது சரியா' என்று விவாதித்தார்கள், உண்மைதான். அவர்கள் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தவர்கள். கேம் ஆடியவர்கள் கூண்டில் நின்று பேசுகிறார்கள்.

இரண்டாம் பாகத்தைச் சுற்றி 2020-இல் வெடித்த கோபத்தையும் இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும். ஏப்ரலில் கதையின் முக்கியத் துண்டுகள் கசிந்தன: ஆப்பி என்ற பெண் கோல்ஃப் மட்டையால் ஜோயலை அடித்தே கொல்கிறாள். ஜூன் 19-இல் கேம் வெளிவந்த சில மணி நேரத்தில் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டுத் தள்ளினார்கள். முடிக்கவே இருபத்தைந்து மணி நேரம் ஆகும் கேம் அது. புதிய கேம்களுக்குப் பொதுமக்கள் மதிப்பெண்ணை 36 மணி நேரம் தாமதித்தே ஏற்பது என்று அந்தத் தளம் அடுத்த மாதமே விதி மாற்றியது. ஆப்பிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன; எந்த ரசிக உணர்வைச் சொல்லியும் அதை நியாயப்படுத்த முடியாது. அதே ஆண்டு அந்தக் கேம், 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஏழு விருதுகளை வாங்கியது. கொல்லப்பட்ட அறுவை மருத்துவரின் மகள்தான் ஆப்பி என்பது பின்னர் தெரிகிறது. எல்லியாகப் பழிவாங்கப் புறப்பட்டுச் சியாட்டில் நகரில் மூன்று நாள் ஆடுகிறோம். உச்சக்கட்டத்தில் திரையை நிறுத்தி, அதே மூன்று நாளையும் ஆப்பியாக ஆட வைக்கிறார்கள்.

ஆப்பியின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எல்லியின் மடக்குக் கத்தி உடையாதது. அவள் ஷிவ் செய்ய வேண்டியதில்லை. ஆப்பிக்கு அந்த வசதி கிடையாது. ஜோயலைப் போலவே துண்டு துணுக்குகளைச் சேர்த்து, உடைந்துபோகும் ஷிவ்களைச் செய்துதான் க்ளிக்கர்களைத் தீர்க்க வேண்டும். ஜோயலைப் போலவே உடல் பலத்தால் மோதுகிறாள். ஜோயலைப் போலவே, எதிரிக் கூட்டத்தைச் சேர்ந்த லெவ் என்ற குழந்தையைப் பாதுகாக்கக் கிளம்புகிறாள். ஆப்பியும் ஜோயலும் ஒரே அச்சு என்பதை இந்தக் கேமும் வசனத்தில் சொல்லாமல் கைக்குத்தான் சொல்கிறது. இரண்டாம் பாகத்தின் மிக நுட்பமான யோசனை இதுவே என்பேன். ஆனால் அது ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்ததா? பெரும்பாலும் இல்லை. ஜோயலின் கையாக இருந்து பெற்ற பாசத்தைக் கலைக்க, ஆப்பியின் கையாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அதிலும் அவள் ஜோயலைக் கொன்றதைப் பார்த்த கை.

மேலும் ஒரு தவறு செய்தார்கள். முதல் பாகம் விளையாடுபவரை எங்கேயும் குற்றம் சாட்டவில்லை. சுட்ட பிறகு மௌனமாக இருந்தது. இரண்டாம் பாகம் விரலை நீட்டிக்கொண்டே இருக்கிறது. சாய்ந்து விழுந்தவனைப் பார்த்து அவன் தோழர்கள் பெயர் சொல்லி அலறுகிறார்கள். எல்லியாகக் கொன்ற ஆலிஸ் என்ற நாய், அதே நாட்களை ஆப்பியாக ஆடும்போது அவளோடு பயணம் செய்கிறது. நோரா என்ற பெண்ணைச் சித்திரவதை செய்யும் காட்சியில், ஒவ்வொரு அடிக்கும் நாம் பட்டனை அழுத்தியாக வேண்டும். ஆனால் இதே கேமின் சண்டை ஆட்டம் மிகமிகச் சுவையாக வடிவமைக்கப்பட்டது. புல்லுக்குள் ஊர்வதும், கண்ணாடியை உடைத்துத் தாவுவதும், அம்பு எய்வதும் பரவசமானவை. ரசிக்கும்படி சமைத்துப் பரிமாறிவிட்டு, ரசித்ததற்காக வெட்கப்படச் சொன்னால் யாரும் எரிச்சலடையத்தான் செய்வார்கள். இந்த எரிச்சல் கதைக்கு எதிரானது என்று விமர்சகர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள், ஜோயலை மட்டும் விரும்பும் சிறுபிள்ளைத்தனம் என்றும் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் நியாயமான எரிச்சலும் அதில் கலந்திருந்தது. பட்டனை அழுத்த வைத்து வரவழைக்கும் குற்ற உணர்ச்சி விளையாடுபவருடையது ஆகாது. மருத்துவரின் முன்னால் வந்த தயக்கம் விளையாடுபவருடையதாகவே இருந்தது, அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

2025 ஜூலையில் நாட்டி டாக் இரண்டாம் பாகத்துக்கு ஒரு இலவசப் புதுப்பிப்பு வெளியிட்டது. முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருந்த கதையை நடந்த வரிசையிலேயே ஆடலாம். கதையின் வரிசைதான் சிக்கல் என்று ஐந்தாண்டாகச் சொல்லிவந்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஒரு பரிசோதனைக்கூடம். இந்த வரிசையில் ஆப்பியின் தந்தை செத்துக் கிடப்பதை முதலிலேயே பார்த்துவிடுகிறோம், ஜோயலைக் கொல்ல அவளுக்கு இருக்கும் காரணம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வழக்கு அறிவைப் பொறுத்தது என்றால் இதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் எந்த வரிசையில் ஆடினாலும் ஜோயல் சாவது ஜாக்சன் என்ற ஊரையொட்டிய பனிப்பகுதியில். ஆப்பியின் கையால் பொருள் தேடி, ஷிவ் செய்து, லெவைக் காப்பாற்றத் தொடங்குவது அதற்கெல்லாம் பிறகு, சியாட்டிலில். காரணத்தை முன்னால் நகர்த்த முடிந்தவர்களால் பழக்கத்தை முன்னால் நகர்த்த முடியவில்லை. அதற்குப் புதிதாக இன்னொரு கேமே செய்தாக வேண்டும்.